வேண்டாம் என்று சொல்லத் தெரிந்த ஐயர்

தஞ்சாவூர் சிவகங்கைக் குளத்தருகே நிற்கும் பழைய ஆலயத்துக்குள் நான் முதன்முதலாகக் கால் வைத்தபோது எனக்கு அறுபத்திரண்டு வயது. தமிழாசிரியர் வேலையிலிருந்து ஓய்வு பெற்று நான்கு வருஷம் ஆகியிருந்தது. பாளையங்கோட்டையிலிருந்து அதற்காகவே ரயிலேறிப் போயிருந்தேன். சின்ன வயதிலிருந்து அப்பா சொல்லிச் சொல்லிக் கேட்ட ஒரு பளிங்குச் சிற்பம் அங்கே இருக்கிறது.

கட்டிலில் ஒரு முதியவர் சாய்ந்து கிடக்கிறார். தலைப்பாகை அணிந்த இளைஞர் ஒருவர் அவர் கையைப் பற்றியபடி நிற்கிறார். அருகில் இன்னொரு குருவானவர், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள். முதியவர் கிறிஸ்டியான் ஃப்ரீட்ரிக் சுவார்ட்ஸ்; எங்கள் பக்கத்தில் சுவார்ட்ஸ் ஐயர். கையைப் பற்றி நிற்பவர் தஞ்சை மன்னர் சரபோஜி. லண்டனில் ஜான் ஃப்ளாக்ஸ்மன் என்ற பெரிய சிற்பியிடம் சொல்லி இதைச் செதுக்க வைத்தவரும் சரபோஜிதான். அவர் கடைசிவரை கிறிஸ்தவர் ஆகவில்லை. பெரிய கோயில் சுவரில் தம் குலத்தின் வரலாற்றை 1803-இல் மராத்தியில் வெட்டி வைத்தவர் அவர். மதம் மாறாத மன்னர் ஒருவர் மதம் போதிக்க வந்த பாதிரியாரின் சாவுப் படுக்கையைப் பளிங்கில் வடித்து வைத்திருக்கிறார். அந்தச் சிற்பத்தின் முன்னால் ரொம்ப நேரம் நின்றேன். அப்படி என்னதான் பேசியிருப்பார் இந்த ஐயர்?

எனக்குத் தெரிந்தவரை, அவர் வாழ்க்கையில் திரும்பத் திரும்ப வருகிற சொல் 'வேண்டாம்'. சம்மதிப்பதை இனிமையாகச் சொல்ல எல்லாருக்கும் வரும். மறுப்பதை எதிராளி மனம் நோகாமல் சொல்வதில்தான் ஒருவருடைய நாவின் தரம் தெரியும்.

முதலில் அவருக்கு முன்னே வந்தவர்களைப் பற்றிக் கொஞ்சம். ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்கு 1706-இல் தரங்கம்பாடியில் இறங்கினார். 1713-இல் அச்சுக்கூடம் வேலை தொடங்கியதும் வெளிவந்த ஆரம்ப வெளியீடுகளில் ஒன்று 'அக்கியானம்' எவ்வளவு அருவருப்பானது என்று சொல்கிற ஒரு சிறு நூல். அந்தச் சொல்லை நினைத்தால் இன்றும் எனக்குக் கூசுகிறது. பக்கத்து வீட்டுக்காரரை அக்கியானி, அஞ்ஞானி என்று சொல்லும் பழக்கம் எங்கள் சபைகளில் அப்படித்தான் நாக்கில் ஏறியது. ஆனால் அதே சீகன்பால்கு 1708-லேயே நீதி வெண்பா, கொன்றை வேந்தன், உலக நீதி மூன்றையும் ஜெர்மன் மொழியில் பெயர்த்திருந்தார். தமிழர்களுக்குக் கடிதம் எழுதிக் கேள்வி கேட்டார். அவர்கள் எழுதிய பதில்களை மொழிபெயர்த்து ஜெர்மனியின் ஹாலே நகருக்கு அனுப்பினார். பசுவைத் தின்கிறீர்கள், குடித்துவிட்டு ஆடுகிறீர்கள், உங்கள் நடத்தையைப் பார்த்து நாங்கள் எப்படி உங்கள் மார்க்கத்துக்கு வருவது என்று அவற்றில் பலர் நேராகவே எழுதியிருக்கிறார்கள். அந்தப் பதில்களை மறைக்காமல் அச்சுக்கு அனுப்பினாரே, அங்கேதான் மரியாதையான பேச்சு தொடங்கியது என்று நினைக்கிறேன். காது திறந்த பிறகுதான் வாய் பதமாகும்.

சுவார்ட்ஸ் ஐயர் 1750-இல் வந்தார், இருபத்து மூன்று வயதில். ஹாலேயில் தமிழ் வேதாகம அச்சு வேலைக்கு உதவுவதற்காக ஏற்கெனவே தமிழ் படித்திருந்தார். ஜூலையில் இறங்கியவர் நவம்பரிலேயே தரங்கம்பாடி ஆலயத்தில் தமிழில் பிரசங்கம் செய்துவிட்டார். பிறகு போர்ச்சுகீஸ், இந்துஸ்தானி, பாரசீகம், மராத்தி என்று கற்றுக்கொண்டே போனார். எதிரே இருப்பவரின் மொழியில் பேசுவது அவருக்கு மரியாதையின் முதல் படி.

1769-இல் தஞ்சை மன்னர் துளஜாஜியை முதன்முதலாகச் சந்தித்தபோது நடந்ததைப் பார்ப்போம். மொழிபெயர்ப்பாளர் பாரசீகத்தில் பேசினார். ஐயரும் பாரசீகத்திலேயே பதில் சொன்னார். ஆனால் தாம் சொன்னதில் சிலவற்றை மொழிபெயர்ப்பாளர் விட்டுவிட்டுச் சொல்கிறார் என்று அவருக்குப் புரிந்தது. அந்த ஆளைச் சபையில் காட்டிக் கொடுக்கவில்லை. தமிழில் பேச அனுமதி உண்டா என்று மன்னரிடம் கேட்டார், அவ்வளவுதான். மன்னர் சரி என்றார். பிறகு தட்டில் இனிப்புப் பலகாரம் வந்தது. ஐயர் உடனே எடுக்கவில்லை. நாங்கள் உண்ணுமுன் கடவுளுக்கு நன்றி சொல்வது வழக்கம் என்றார். அப்படியே செய்யுங்கள் என்றார் மன்னர். மராத்திய அரண்மனையில் பலகாரத் தட்டுக்கு முன்னால் ஒரு ஜெபம் நடந்தது. யாருக்கும் முகம் சிவக்கவில்லை.

இந்தப் பலகாரத் தட்டைப் பற்றிப் படிக்கிறபோதெல்லாம் எனக்கு இன்னொரு தட்டு ஞாபகம் வரும்.

சாத்தான்குளம் தாண்டி, தேரிக்காட்டு ஓரம் ஒரு கிராமத்தில் அப்பா உபதேசியாராக இருந்தார். எங்கள் வீட்டுக்கு அடுத்த வீட்டுப் பெரியம்மை பனங்கிழங்கு அவித்தால் முதல் பங்கு எனக்குத்தான் வரும். எனக்குப் பத்து வயது இருக்கும்போது, அந்த வருஷத்துச் சுடலைமாடசாமி கோயில் கொடை முடிந்த மறுநாள் காலையில் பெரியம்மை வாழையிலை போட்ட தட்டில் பொங்கலும் பழமும் கொண்டுவந்தார். நான் வாசலில் நின்றேன். ஓய்வுநாள் பள்ளியில் கேட்ட வீரத்தோடு சொன்னேன்: "பேய்க்குப் படைச்சத நாங்க திங்க மாட்டோம்." பெரியம்மை ஒன்றும் சொல்லவில்லை. தட்டை இரண்டு கையாலும் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றார். பிறகு திரும்பிப் போனார். அவர் முந்தானையில் அடுப்புச் சாம்பல் ஒட்டியிருந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது.

மத்தியானம் அப்பா வந்து கஞ்சிக்கு உட்கார்ந்தார். பெருமையோடு நடந்ததைச் சொன்னேன். அப்பா கையிலிருந்த உருண்டையைக் கீழே வைத்துவிட்டார். "வேண்டாம்னு சொல்ல நமக்கு உரிமை உண்டுலே. அடுத்தவங்க தட்டைப் பாத்து மொகத்தச் சுளிக்க உரிமை கெடையாது" என்றார். கொலோசெயருக்கு எழுதின நிருபத்தில் பவுல் பேச்சுக்கு உப்பைச் சொல்கிறார் அல்லவா, அதைச் சொல்லிவிட்டு, "உப்பு கூடிப்போன கஞ்சிய எவன் குடிப்பான்?" என்று கேட்டார். அன்று சாயங்காலம்தான் சுவார்ட்ஸ் ஐயர் கதையை முதன்முதலாக எனக்குச் சொன்னார்.

அப்பா சொன்னது மைசூரை ஆண்ட ஹைதர் அலியின் கதை. 1779-இல் சென்னை அரசு ஹைதரின் மனநிலையை அறிய ஒரு தூதரை அனுப்ப நினைத்தது. கிழக்கிந்தியக் கும்பினி அதிகாரிகளின் சொல்லில் ஹைதருக்கு நம்பிக்கை இல்லை. ஐயர் என்றால் பேசுவேன், அவர் ஏமாற்றமாட்டார் என்ற நினைப்பு அவருக்கு இருந்தது. ஐயர் ஜூலையில் புறப்பட்டு ஆகஸ்ட் கடைசியில் ஸ்ரீரங்கப்பட்டணம் போய்ச் சேர்ந்தார். அங்கே கண்டதை அவரே எழுதி வைத்திருக்கிறார். ஹைதரிடம் சாட்டை பிடித்த ஆட்கள் இருநூறு பேர் இருந்தார்கள். அடி விழாத நாள் இல்லை. பெரிய அதிகாரிகளும் அதிலிருந்து தப்பவில்லை. சாட்டைதான் பேசும் அந்த அரண்மனையில் விரிப்பின்மேல் ஹைதரின் பக்கத்தில் உட்கார்ந்து ஐயர் அமைதியாகப் பேசினார். வெளியே வந்து சிப்பாய்களுக்குத் தமிழிலும் ஜெர்மனிலும் போர்ச்சுகீஸிலும் போதித்தார். ஹைதர் தடுக்கவில்லை.

விடைபெற்றுப் பல்லக்குக்கு வந்தால் உள்ளே ஒரு பண முடிப்பு. வழிச்செலவுக்காக ஹைதர் அனுப்பிய 300 ரூபாய். செலவுக்குக் கும்பினி கொடுத்திருக்கிறது, இது வேண்டாம் என்றார் ஐயர். ஹைதரின் ஆட்கள் பதறினார்கள். இதைத் திரும்பக் கொண்டுபோனால் எங்கள் உயிருக்கு ஆபத்து என்றார்கள். ஐயர் முடிப்பை வாங்கிக்கொண்டார். சென்னைக்குப் போய் அதை அப்படியே அரசிடம் ஒப்படைத்தார். நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றது அரசு. தஞ்சாவூரில் ஓர் ஆங்கிலப் பள்ளிக்கு அதை முதலாக வைத்தார்.

இந்த இடத்தில் நான் நின்று யோசிப்பது உண்டு. பணத்தை மறுப்பது அவருக்குப் பெருமை தந்திருக்கும், ஊரெல்லாம் பேசும். ஆனால் தம்முடைய 'வேண்டாம்' இன்னொருவன் முதுகில் சாட்டையாக விழும் என்று தெரிந்ததும் அதை விழுங்கிக்கொண்டார். கடுஞ்சொல் பேசாதவர்கள் என்று நாம் சொல்கிறவர்களில் பலருக்கு, தம் நேர்மையால் அடுத்தவருக்கு வரும் அடி கண்ணில் படுவதில்லை. இவருக்குப் பட்டது. மறு வருஷம் போர் வந்து ஹைதரின் படை தமிழகச் சீமையில் இறங்கியபோது, ஐயரை எங்கும் தடுக்காமல் போகவிடும்படி உத்தரவு இருந்தது.

அந்தப் போரில்தான் தஞ்சாவூர் பஞ்சத்தில் விழுந்தது. கோட்டைக்குள் பசி. வெளியே தானியம் இருந்தும் உள்ளே கொண்டுவர ஆளில்லை. சரக்கைப் பிடுங்கிக்கொண்டு பணம் தராமல் விட்டவர்களை உழவர்கள் அதற்கு முன்பே பார்த்திருந்தார்கள். மன்னர் சொல்லிப் பார்த்தார், அதிகாரிகள் சொல்லிப் பார்த்தார்கள். கடைசியில் ஐயரைக் கேட்டார்கள். பணம் கிடைக்கும், நான் பொறுப்பு என்று அவர் சுற்றுப்புறத்துக்கு ஆளனுப்பினார். இரண்டொரு நாளில் ஆயிரத்துக்கு மேல் காளைகள் வந்தன. சீக்கிரமே 80,000 கலம் நெல் கோட்டைக்குள் வந்து சேர்ந்தது. வந்தவர்களுக்குச் சொன்னபடி பணம் கொடுக்கப்பட்டது. பிறகு ஒரு சமயம் அதிகாரிகளின் கொடுமை தாங்காமல் உழவர்கள் நிலத்தை விட்டு ஓடிப்போனார்கள். மன்னர் உறுதி சொல்லியும் வரவில்லை. ஐயர் போய்ச் சொன்னார். ஒரே நாளில் 7,000 பேர் திரும்பினார்கள். நாற்றுப் பருவம் தப்பிவிடும் என்று ராவும் பகலும் வேலை செய்தார்கள்.

இந்த எண்களை நாம் அறிவது எப்படி என்பதும் தனிக் கதை. 1793-இல் லண்டனில் காம்பெல் என்பவர், இந்தியாவில் கிறிஸ்தவர் ஆனவர்கள் மட்டமானவர்கள் என்று பேசினார். சுவார்ட்ஸ் திருடாதே என்று மணிக்கணக்கில் பிரசங்கம் செய்தபோதே கேட்டவர்கள் அவருடைய தங்கக் கொக்கியைத் திருடிவிட்டார்கள் என்று கதையும் சொன்னார். அறுபத்தெட்டு வயதை நெருங்கிய ஐயர் 1794-இல் பதில் எழுதினார். அந்தக் கொக்கி தங்கம் அல்ல என்று விஷயத்தைச் சொன்னார். காளைகளையும் நெல்லையும் திரும்பிவந்த உழவர்களையும் அந்தப் பதிலில்தான் சொன்னார். காம்பெலை ஒரு வசவு வையவில்லை. நான் நாற்பது வருஷம் பிள்ளைகளுக்குக் கட்டுரை எழுதச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்; பழிச்சொல்லுக்குப் பதில் எழுதுவது எப்படி என்று ஒருவர் கேட்டால் இந்தக் கடிதத்தைத்தான் காட்டுவேன்.

ஐயர் பேசாமல் கேட்டுக்கொண்ட இடமும் உண்டு. ஒருமுறை வழியில் நட்டுவனார் ஒருவரும் அவரிடம் ஆடல் பயிலும் பெண்ணும் எதிர்ப்பட்டார்கள். பரிசுத்தம் இல்லாதவர்கள் மோட்சம் சேரமுடியாது என்று ஐயர் சொன்னார். அப்படியானால் ஐரோப்பியர் ஒருவரும் அங்கே போகமாட்டார்களே என்று அந்தப் பெண் வருத்தத்தோடு சொல்லிவிட்டுப் போய்விட்டாள். ஐயர் அவளைக் கடிந்துகொண்டதாக எங்கும் இல்லை. தம் நாட்டு ஆட்கள் படிக்கட்டும் என்று அதை அவரே எழுதி அனுப்பினார்.

எங்கள் பாளையங்கோட்டை சபையின் பிறப்பே அவருடைய ஒரு மறுப்பிலிருந்துதான். தஞ்சை மராத்தியப் பிராமணக் குலத்துக் கைம்பெண் ஒருவர், ஆங்கிலேயப் படை அதிகாரி ஒருவரோடு திருமணம் இல்லாமல் வாழ்ந்துவந்தார். ஞானஸ்நானம் கேட்டார். இந்த வாழ்க்கை இப்படி இருக்கும்வரை கொடுக்கமுடியாது என்றார் ஐயர். எத்தனையோ பேரை இப்படி ஒரு சொல் ஆலய வாசலிலிருந்தே துரத்தியிருக்கிறது. இந்த அம்மாளை அது துரத்தவில்லை. அந்த அதிகாரி இறந்தபின் மறுபடி கேட்டார். 1778-இல் ஐயர் பாளையங்கோட்டைக்கு வந்து குளோரிந்தா என்ற பெயரில் ஞானஸ்நானம் கொடுத்தார். 1780-இல் எழுதிய சபைப் பட்டியலில் 40 பேர். முதல் பெயர் குளோரிந்தா. 1785-இல் அவர் முயற்சியால் எழும்பிய ஆலயத்தை ஐயரே வந்து பிரதிஷ்டை செய்தார். பாப்பாத்தியம்மாள் கோயில் என்றால் ஊரில் எல்லாருக்கும் தெரியும். அன்றைக்கு 'முடியாது' என்று சொன்ன குரல் எப்படி இருந்திருக்கும் என்று அந்த ஆலயத்தைக் கடக்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன். தவற்றைத் தவறு என்றுதான் சொல்லியிருக்கிறார். திரும்பி வரும் வழியை மட்டும் மூடவில்லை.

எல்லா மறுப்பும் நல்லதாக முடிந்துவிடவில்லை. 1787-இல் துளஜாஜி சாகக் கிடந்தார். தத்தெடுத்த பத்து வயதுப் பையன் சரபோஜியை ஐயர் கையில் ஒப்படைக்கப் பார்த்தார். இது என் சக்திக்கு மீறியது, அரண்மனையில் இந்தப் பிள்ளை வேலியில்லாத தோட்டம் மாதிரி என்று ஐயர் தயங்கினார். மன்னரின் தம்பி அமர்சிங்கைக் காப்பாளராக வைக்கலாம் என்று யோசனை சொன்னார். அமர்சிங் அந்தப் பிள்ளையை இருட்டறையில் அடைத்து வைத்தார், எழுத்தும் சொல்லித்தரவில்லை. அடக்கத்தோடு சொன்ன சொல் ஒரு குழந்தைக்குச் சிறையாகப் போயிற்று. ஐயர் அதை விதி என்று விடவில்லை. மனுமேல் மனு எழுதினார். கடைசியில் 1793-இல் சரபோஜி சென்னைக்கு வந்தார். வேப்பேரியில் கெரிக்கே ஐயர் பொறுப்பில் படித்தார். பளிங்கில் அருகே நிற்கும் குருவானவர் அவர்தான். 1798-இல் சரபோஜி அரியணை ஏறினார். அதைப் பார்க்க சுவார்ட்ஸ் ஐயர் இல்லை.

அவர் சொல்லாமல் விட்ட 'கூடாது' ஒன்றும் இருக்கிறது. அதை மறைத்து அவரைப் புகழ என் மனம் இடம் கொடுக்கவில்லை. அவருடைய ஆலயங்களில் சாதிப்படி தனித்தனியாக உட்கார்ந்தார்கள். அன்பாகச் சொல்லிச் சரிசெய்யலாம், காலம் பிடிக்கும் என்று விட்டார். 1833-இல் பேராயர் டேனியல் வில்சன் சாதி சபையில் கூடாது என்று கடிதம் எழுதி உத்தரவு போட்டார். தஞ்சைச் சபை பிளந்தது. சுவார்ட்ஸ் ஐயர் பாளையங்கோட்டையிலிருந்து சிறுவனாகக் கூட்டிவந்து வளர்த்த வேதநாயக சாஸ்திரியாரே சாதி வழக்கத்தின் பக்கம் நின்றார். சபைக்குள்ளேயே 'வா' என்று ஒருவரையும் 'வாங்க' என்று இன்னொருவரையும் அழைக்கிற நாக்கை நான் சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். பெரியவனான பிறகும் கேட்டிருக்கிறேன். மெல்லப் பேசியதால் அந்த ஒரு காரியம் தள்ளிப்போயிற்று. பின்தரையில் உட்கார்ந்தவர்கள் அந்தக் காலதாமதத்துக்கு விலை கொடுத்தார்கள்.

1798 பிப்ரவரி 13, மாலையில் ஐயர் இறந்தார். உடன் ஊழியம் செய்த தமிழர்கள் கையில் உயிர் பிரிந்தது. இளம் சரபோஜி வந்து முகம் பார்க்கவேண்டும் என்றதால் அடக்கம் மறுநாள்வரை காத்திருந்தது. சரபோஜி வந்தார், அழுதார், உடல்மேல் பொன்னாடை போர்த்தினார், கல்லறைவரை கூடவே நடந்தார். வழியில் பாட்டுப் பாடிக்கொண்டு போவதாகத் திட்டம். தோட்டம் முழுக்க நிறைந்த ஜனங்களின் அழுகையில் பாட்டை ஆரம்பிக்கவே முடியவில்லை. கல்லறைக்கு ஆங்கிலத்தில் வரிகள் எழுதிக் கொடுத்தவரும் சரபோஜியே.

எங்கள் ஊர்க் கதையைப் பாதியில் விட்டுவிட்டேன். அன்று விளக்கு வைத்த பிறகு அப்பா என் கையைப் பிடித்து அடுத்த வீட்டுக்குக் கூட்டிப்போனார். பெரியம்மை முற்றத்தில் ஓலைப்பாயில் உட்கார்ந்திருந்தார். அப்பா பாயின் ஓரத்தில் தரையிலேயே உட்கார்ந்தார். "மயினி, படைச்சத சாப்புடுறது எங்களுக்கு வழக்கமில்ல. அது ஒங்களுக்கே தெரியும். ஆனா இவன் சொன்ன வார்த்த என் வீட்டுலருந்து வந்தது. மன்னிச்சுக்கிடுங்க" என்றார். கொடைப் பொங்கலை அப்போதும் அவர் சாப்பிடவில்லை. குடிக்கத் தண்ணீர் கேட்டார். பெரியம்மை செம்பில் கொண்டுவந்தார். அப்பா முழுவதும் குடித்துவிட்டுச் செம்பைக் கவிழ்த்து வைத்தார். நான் ஸாரி என்று சொல்லத் தெரியாமல் பெரியம்மையின் முந்தானையைப் பிடித்துக்கொண்டேன்.

அடுத்த வருஷம் கொடைக்கு மறுநாளும் பெரியம்மை வந்தார். அதே தட்டு, அதே வாழையிலை. தட்டில் பச்சரிசியும் ஒரு அச்சு வெல்லமும் சீப்புப் பழமும் இருந்தன. அம்மாவைக் கூப்பிட்டு, "இது படையலுக்கு முந்தியே எடுத்து வச்சது, உபதேசியார்ட்ட சொல்லிரு" என்றார்.